ஒரே வயிறு, இரண்டு டாக்டர்

ஒரே வயிற்றுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு ஆபரேஷன் சொன்னார்கள். நாமக்கல்லில் ஒரு குடும்பம் இரண்டாகப் போனது. நடந்த கோளாறு இதுதான்.

வயிறு லாரி டிரைவர் நல்லசிவத்துடையது. எடை நூற்றைம்பது கிலோவைத் தாண்டிவிட்டது. ஸ்டியரிங் வயிற்றில் அழுந்துகிறது என்று முதலாளி வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சர்க்கரை ஊசிக்கும் அடங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவான். இப்படியே விட்டால் இதயம் தாங்காது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று இரண்டு டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். எந்த ஆபரேஷன் என்பதில்தான் வம்பு.

வகை இரண்டு. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் போல ஒரு குழாயாக விடுவது ஒன்று. இரைப்பையின் மேல்முனையில் சின்னப் பையாகக் கொஞ்சம் பிரித்து, அதில் நேராகச் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைப்பது இன்னொன்று. குழாய், இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எது செய்தாலும் பழையபடி ஆக்க முடியாது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சேலத்து டாக்டரிடம் அவனோடு போனவள் மனைவி சுகுணா. ரோட்டோரக் கடையில் ராத்திரி பரோட்டா தின்பதை நிறுத்தாவிட்டால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். நிறுத்திவிட்டேன் என்று அவனும் சத்தியம் செய்திருந்தான்.

"நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் ஏதாச்சும் உண்டா?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் கிடையாதுங்க."

"வேற மருந்து?"

அவன் வாயைத் திறக்குமுன் சுகுணா சொன்னாள். "முழங்காலுக்கு வலி மாத்திரைங்க. கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சே கால் போச்சு. மாத்திரை போடாத நாளே கிடையாதுங்க."

டாக்டர் யோசித்தார். "அப்படின்னா குழாய்தான் நல்லது" என்றார்.

இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று கோவைக்குப் போக முடிவு செய்தார்கள். அன்று சுகுணாவுக்குக் காய்ச்சல். அவள் தம்பி தாமோதரன் கூடப் போனான். மருந்துக் கடைக்காரன். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கிறான் என்று யாரோ புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து அவனை உலுக்கிவிட்டுப் போயிருந்த நேரம். மாமனுக்கும் மச்சினனுக்கும் ஒட்டுறவு அதிகம். ராத்திரியில் காற்று வாங்கப் போனால் ஒரே பைக்கில்தான் போவார்கள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கோவை டாக்டர் கேட்டார்.

"சர்க்கரைக்குத்தானுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

தாமோதரன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். டாக்டர் இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். நல்லசிவம் தாராளமாகவே பதில் சொன்னான். "உங்களுக்குக் குழாய் கூடாது, இணைப்புதான்" என்று முடித்தார் அவர்.

வீட்டில் பிடித்தது சண்டை.

"குடலை மாத்தி வெக்கறாங்களாமா? லாரி டியூப்பா அது, வெட்டி ஒட்டறதுக்கு? உனக்கு அந்த ஆஸ்பத்திரியில என்னடா கிடைக்குது?" என்றாள் சுகுணா.

"அக்கா, வாய அளந்து பேசு. சேலத்துக்காரருக்கு அந்த ஒண்ணுதான் செய்யத் தெரியும் போல. வர்றவங்களுக்கெல்லாம் அதையே சொல்றாரு."

"நீ பாத்தியா?"

"நீ மட்டும் கோயமுத்தூர்க்காரர் பாக்கெட்டுல கைய விட்டுப் பாத்தியா?"

நடுவில் நல்லசிவம் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ரெண்டு பேருமே படிச்சவங்க, விடுங்க" என்றான். உயிர் அவனுடையது. கத்தியது மற்றவர்கள்.

சேலத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாயிற்று. வாய்வழியாகக் கேமரா விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனைகூட இன்னும் நடக்கவில்லை. தேதியை வேண்டாம் என்பதா, போவதா? ஒரு டாக்டர் ஏமாற்றுகிறார் என்று அக்காளும் நம்பினாள், தம்பியும் நம்பினான். ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார்கள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்: இதில் பொய் சொன்னது யார்?

விடை: இரண்டு டாக்டர்களும் தங்கள் காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் சொன்னார்கள். தினமும் வலி மாத்திரை தின்கிறவனுக்கு இணைத்த இடத்தில் புண் வரும். அதனால் குழாய் என்றார் ஒருவர். நெஞ்செரிச்சல் உள்ளவனுக்குக் குழாய் வைத்தால் எரிச்சல் இன்னும் ஏறும். அதனால் இணைப்பு என்றார் மற்றவர். பொய் நல்லசிவத்துடையது. எரிகிறது என்று மனைவி காதுபடச் சொன்னால் ராத்திரி பரோட்டா தின்னும் குட்டு வெளியே வரும். மாத்திரை தின்கிறேன் என்றால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள், சீட்டில்லாமல் கொடுத்த மச்சினன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். கூட வந்தவருக்காகப் பாதியை விழுங்கினான். சண்டையின் நடுவில் தாமோதரன், "மாமாவுக்கு நெஞ்சு எரியறது கோயமுத்தூர் டாக்டருக்குத்தான் புரிஞ்சுது" என்று உளறினான். சேலத்தில் அவன் 'கிடையாது' என்றது பொய் என்று அக்காளுக்குப் புரிந்துவிட்டது. பிறந்த வீட்டுக்கும் கிளம்பவில்லை. மறுநாளே புருஷனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய், தனியாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, தம்பியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். வலி மாத்திரையை அடியோடு விடு, முழங்காலுக்கு வேறு வைத்தியம் பார், பிறகு இணைப்புதான் என்று குழாய் சொன்ன டாக்டரே மாற்றிச் சொன்னார். அந்தக் கதவைச் சாத்தியவள் சுகுணா.