சலேத் குழாய்

"இந்தச் சாற்றை எங்க வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா மேடம்?"

கேட்டவள் சலேத்மேரி. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு, நாற்பத்தேழு வயசில் குன்னூர் ஆய்வகம் ஒன்றில் மாணவியாகச் சேர்ந்தவள். குரு ரெஹானா அவளைவிடப் பத்து வயசு சின்னவள். இருந்தால் என்ன, குரு குருதான்.

வீட்டுக்காரர் இராயப்பன் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மறதி நோய். தனியே விட முடியாது என்று தினமும் கூட்டி வருவாள். அவள் பேர் அவருக்கு மறந்து ஐந்து மாசமாச்சு.

மூளையில் ஒரு நொதி உண்டு. நினைவுக்கு வேண்டிய பொருளை அது சிதைத்துவிடும். அந்த நொதி வேலை செய்தால் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். சலேத்மேரி பச்சைத் தேயிலைச் சாற்றை ஊற்றினாள், மஞ்சள் குறைந்தது. நொதி நூற்றுக்கு எண்பது பங்கு அடங்கிவிட்டது என்று நோட்டில் எழுதினாள். எட்டு மாச உழைப்பு. அவருக்கென்று ஒரு பாட்டில் சாறு காய்ச்சியும் வைத்துவிட்டாள்.

ரெஹானா நோட்டைப் புரட்டினாள். மேஜையிலிருந்த நொதிப் புட்டியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இது இல்லாம செஞ்சு பாருங்கக்கா. அந்த மஞ்சள் நிறப் பொருளை நீங்களே கலந்துக்குங்க."

நொதியே இல்லாமல் என்னத்தைப் பார்ப்பது? சலேத்மேரிக்கு எரிச்சல்தான். இருந்தாலும் மறுநாள் யாரும் வருமுன் வந்து செய்தாள்.

மஞ்சள் நிறப் பொருளைக் கலந்து சாற்றை ஊற்றினாள். அடக்க நொதியே இல்லாத குழாயிலும் மஞ்சள் வெளுத்தது.

அப்படியென்றால் இத்தனை நாளும் சாறு நிறத்தைத்தான் தின்றிருக்கிறது. நிறம் தானாக வெளுத்த பங்கைக் கழித்துப் பார்த்தாள். எண்பது போய்ப் பதினைந்து நின்றது.

அந்தக் குழாயை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கழுவி வைத்திருந்தால் தீர்ந்தது. அவள் நோட்டில் எண்பதை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினாள். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். வாய்விட்டு அழுதாள்.

ரெஹானா வந்து நோட்டைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மார்க்கரை எடுத்து, நொதி இல்லாத அந்தக் குழாயில் ஒரு பேர் எழுதித் தாங்கியில் முதலாவதாக நிறுத்தினாள். இனி இங்கே யார் சோதனை செய்தாலும் முதலில் இந்தக் குழாய்தான் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

இராயப்பன் எழுந்து வந்தார். குழாயைக் கையிலெடுத்து எழுத்துக் கூட்டினார்.

"சலேத்."

சலேத்மேரி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"யாருங்க இந்த சலேத்?"

ரெஹானாதான் சொன்னாள்.

"உங்க பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்கதான் சார். இனிமே இந்த லேப்ல அவங்களைத் தாண்டி யாரும் ஒரு முடிவு சொல்ல முடியாது."

இராயப்பன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். விறுவிறுவென்று போய்த் தன் ஸ்டூலை எடுத்து வந்து, தோள்துண்டால் துடைத்து, அவள் முன்னால் போட்டார்.

"உட்காருங்க மேடம்."