சலங்கை இல்லாத ரதம்

முன்னொரு காலத்தில் கொக்கரையபுரம் என்ற சீமையை மகுடேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் மாம்பழம் இனிக்கிறது என்று தோட்டக்காரனுக்குப் பல்லக்குக் கொடுப்பார். மாலையில் கொட்டை பெரிதாக இருக்கிறது என்று பல்லக்கைப் பிடுங்கிக்கொள்வார்.

அவருடைய ரதசாலைக்கு அதிகாரி வீரசிங்கர். ஊருக்குள் வரும் குதிரைக்குச் சலங்கை கட்ட வேண்டும் என்பது அந்தச் சீமையின் வழக்கம். வீரசிங்கர் மட்டும் கட்ட மாட்டார். "என் ரதம் வருவதற்கு முன்னால் சத்தம் வரக் கூடாது. ரதமே வந்து நிற்க வேண்டும், ஊர் திகைக்க வேண்டும்" என்பார். அப்படி ஒரு பவிசு!

ஒரு சந்தை நாளில் அந்த ரதம் கடைவீதி முக்கில் வந்து திரும்பியது. மோர்க்காரி குப்பாச்சி தலையில் பானையோடு போய்க்கொண்டிருந்தாள். பானை உடைந்தது, கூடவே அவள் காலும் ஒடிந்தது. ரதம் நிற்கவே இல்லை.

கொஞ்சம் ஊன்ற முடிந்ததும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு, அக்குளில் ஒரு கம்பைக் கொடுத்துக்கொண்டு அரசவைக்கு வந்து நின்றாள். அவளுக்கு முன்பே வீரசிங்கர் வந்து முறையிட்டிருந்தார்.

"மகாராஜா, இவள் மோர் தெறித்து ரதத்தின் பட்டு மெத்தை பாழாகிவிட்டது. நடக்கிறவள் அல்லவா பார்த்து நடக்க வேண்டும்? கண் இல்லாவிட்டாலும் காது இல்லையா? குளம்புச் சத்தம் கேட்காதா?"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா கொட்டாவி விட்டபடி. "மோர்க்காரி இனிமேல் கடைவீதியில் பானை இறக்கக் கூடாது."

அந்த வீதிதான் குப்பாச்சிக்குச் சோறு. காலை ஒடித்தது போதாதென்று பிழைப்பையும் ஒடிக்கிறார்களே! எல்லோரும் அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள் என்று பார்த்தார்கள். அவள் நகரவில்லை.

"ஏத்துக்க மாட்டேன்" என்றாள்.

"தலை போகும், தெரியுமா?" என்றார் ராஜா.

"காலு போனவகிட்டத் தலையக் காட்டிப் பயமுறுத்தாதீங்க மகாராசா. மாடு முட்டுனா மாட்டுக்காரனக் கேக்குறோம். ரதம் முட்டுனா மட்டும் முட்டுப்பட்டவளக் கேப்பீங்களா? இது எந்த ஊரு நியாயம்?"

ராஜாவுக்குத் தூக்கம் கலைந்து உற்சாகம் பிறந்தது. "சரி, நீதான் சொல்லேன், என்ன செய்யலாம்?"

"காது இருந்தா கேக்கும்கிறாரே, அடுத்த சந்தைக்கு அவரே வீதியில நிக்கட்டும். அவரு ரதமே, சலங்கை இல்லாம, பின்னால வரட்டும். ரதத்துக்குப் பக்கவாட்டுல ஒரு நீளக் கம்பக் கட்டி, அது நுனியில சுண்ணாம்புல முக்குன தொடப்பம். வெலகலேன்னா ரதத்துக்குப் பதிலா அது மேல படட்டும். கேட்டு வெலகுனாருன்னா நான் ஊரவிட்டே போயிடுறேன்."

"ரதத்தை நான்தான் ஓட்டுவேன்!" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். வீரசிங்கர் மீசையை முறுக்கிக்கொண்டு, "ஆகட்டும்" என்றார்.

சந்தை கூடியது. வீரசிங்கர் வீதி நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கோழி கூவினாலும் திரும்பினார், மிளகாய் மூட்டை விழுந்தாலும் துள்ளினார். சனம் சிரித்தது. குப்பாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று தோற்றால் நொண்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? கம்பை ஊன்றி மெல்ல அவரிடம் போனாள்.

"எசமான், ஒரு சந்தேகம். போன சண்டையில நீங்க தனியாளா ஆனைய வெரட்டுனீங்கன்னு நான் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி அது ஆனையில்ல, பன்னின்னு சாதிக்கிறா."

"பன்றியா!" வீரசிங்கருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எவள் சொன்னாள்? தந்தம் இருக்கிறதே, தந்தம், அதுவே இவ்வளவு நீளம். நான் வாளை உருவி இப்படி ஒரு எட்டு..."

சளார்! சுண்ணாம்புத் துடைப்பம் அவர் முதுகில் விழுந்தது. சுண்ணாம்பு தெறித்துத் தாடி, தலைப்பாகை எல்லாம் வெள்ளை வெளேர்.

"சதி! பேச்சுக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள்!" என்று கத்தினார்.

"சந்தைக்குப் பேசாம யாரு வாராங்க எசமான்?" என்றாள் குப்பாச்சி. "வெல பேசுவோம், புள்ளையக் கூப்பிடுவோம், சண்ட போடுவோம். ஒங்க ரதத்துக்குக் காது குடுக்கவா இங்க வாரோம்?"

ரதம் வெகுதூரம் போய்த்தான் நின்றது. ராஜா இறங்கி ஓடி வந்தார். "உம்மைப் பார்த்ததுமே கடிவாளத்தை இழுத்தேன் வீரசிங்கரே. குதிரை நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஓட்டியதால் துடைப்பத்தோடு போயிற்று." பிறகு குப்பாச்சியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "மெச்சினோம் உன் புத்தியை! இந்தா, பிடி பரிசு!"

குப்பாச்சி கையை நீட்டவில்லை.

"பரிசு வேண்டாம் மகாராசா. பரிசுங்கறது ஒங்க இஷ்டம். இன்னிக்குச் சிரிப்பு வந்துச்சு, குடுக்குறீங்க. வரலேன்னா? எனக்கு வாயி இருந்துச்சு, ஒரு வித்தை காட்டுனேன். நாளைக்கு அடிபடுறவ ஊமையா இருந்தா அவ என்ன செய்வா? என் காலு ஒடிஞ்சது இவரு தப்பு. வைத்தியத்துக்கும் அடுப்பு எரியவும் இவரு குடுக்கணும். அதையும், தப்பு தன்னோடதுன்னு ஊரறியச் சொல்லிட்டுக் குடுக்கணும்."

மாலையை நீட்டிய ராஜாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவரிடம் பரிசு வேண்டாம் என்று சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை. மெல்ல மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இடித்தவன் கொடுக்க வேண்டும்" என்றார். "அடிபட்டவர் எழுந்து வேலைக்குப் போகும்வரை கொடுக்க வேண்டும். அவர் பேசத் தெரிந்தவரா என்று யாரும் பார்க்கக் கூடாது. சலங்கை இல்லாத குதிரை இனி ஊருக்குள் வரக் கூடாது, என் குதிரையும் சேர்த்துத்தான். மோர்க்காரி எப்போதும்போல வீதியில் விற்கட்டும். வீரசிங்கரே, சொல்லும்."

வீரசிங்கர் மூக்கில் வழிந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, "தப்பு என்னுடையதுதான்" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான், அதுவரை ஒற்றைக் காலில் நின்ற குப்பாச்சி கம்பைக் கீழே போட்டுவிட்டு வீதியிலேயே உட்கார்ந்தாள்.