ராணி வயித்துக் குடித்தனம்

ஒரு ஊர்ல, ஊர் பேரைக் கேக்காதீங்க, ஒரு ராணி இருந்தா. பேரு செண்பகவடிவு. சுத்தம்னா அவளுக்கு உசிரு, தண்ணியவே கழுவிக் குடிப்பா! அவ முழுகாம இருந்தப்ப, ஒரு நாள் வயித்துக்குள்ள குறுகுறுன்னு பேச்சுச் சத்தம். புள்ளையான்னா, புள்ள இல்ல.

"யாரது?"ன்னா.

"நாங்கதாம்மா, உன் குடல்ல குடியிருக்கிற பொடிசுங்க. நீ பொறந்தப்பவே உங்கம்மா குடுத்துவிட்ட சீதனம்."

"எத்தன பேரு?"

"வானத்து மீனை எண்ணிட்டு வா, அப்புறம் சொல்றோம். சும்மா இல்லம்மா. உனக்குச் செரிக்காத காய்கறி நாரையெல்லாம் ஆக்கிப் போடுறோம், குடல் சுவத்தை மெழுகுறோம், கள்ளக்கிருமி வந்தா வெரட்டுறோம்."

கேட்டா புல்லரிக்கணுமா இல்லையா? அவளுக்கு அருவருத்துச்சு! அரண்மனை வைத்தியன் பூரணலிங்கத்தைக் கூப்பிட்டா. 'தெரியாது'ங்கிற சொல்லு அவன் வாயில வராது. "ஒரே பொடிதான் மகாராணி, தொடச்சு விட்டாப்புல ஆயிடும்"னான்.

மொதச் சிட்டிகையில ஆக்குறவங்க போனாங்க. ரெண்டாஞ் சிட்டிகையில மெழுகுறவங்க போனாங்க. மூணாஞ் சிட்டிகையில காவக்காரங்களும் போனாங்க. அப்புறம் என்ன, தொறந்த வீட்டுல நாய் நொழஞ்ச கணக்கா கள்ளக்கிருமி நொழஞ்சுச்சு. தின்னது தின்னபடியே போச்சு, ராணி துரும்பா எளச்சுட்டா. "இன்னும் கொஞ்சம் பொடி"ன்னான் வைத்தியன். அப்பத்தான் அவளுக்குப் பகீர்னுச்சு. 'எங்கம்மா எனக்குக் குடுத்தா. எம்புள்ளைக்கு நான் எதைக் குடுப்பேன்?'

வீட்ல தயிர் தீந்துபோனா நாம என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுல உறைமோர் கேப்போம்ல? ராணியும் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு, தள்ளாடித் தள்ளாடிக் குயவர் தெருவுக்குப் போனா. போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு.

"தாயே, வெளக்கு வச்சாச்சே. இப்ப உறைமோர் குடுத்தா லச்சுமி போயிடுவாளே"ன்னா குயவன் பொண்டாட்டி அஞ்சல.

"உங்க வீட்ல வெளக்கு வச்சாச்சு அஞ்சல. என் வயித்துல இன்னும் இருட்டாத்தானே இருக்கு"ன்னா ராணி.

அஞ்சலைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மோரும் குடுத்தா, பழைய சோத்துத் தண்ணியும் குடுத்தா, கேப்பக்களியும் கிண்டிக் குடுத்தா.

இப்ப கேளுங்க அதிசயத்தை! குடல் ஓரத்துல ஒரு முட்டுச்சந்து. அதுக்குள்ள ஒளிஞ்சு கெடந்த பொடிசுங்க நாலஞ்சு, மோர் வாசத்துக்கு மெல்ல எட்டிப் பாத்துச்சுங்க. நாலு நாப்பதாச்சு, நாப்பது நாலாயிரமாச்சு, அப்புறம் எண்ண ஆளில்ல. அடேயப்பா, ஒரு சாண் வயித்துக்குள்ள எம்மாம்பெரிய ராச்சியம்! கள்ளக்கிருமி ஓடியே போச்சு. ராணி தன் வயித்தைப் பாத்துத் தானே கும்பிட்டா.

மிச்சப் பொடிய வைத்தியனையே முழுங்கச் சொன்னா. அவனும் கிண்ணத்தோட வீடு வீடா அலஞ்சான். அவன் போன நேரமெல்லாம் வெளக்கு வச்ச நேரமாவே இருந்துச்சாம்!

ராணிக்குப் புள்ள பொறந்துச்சு. அது வயித்துல மெதுவா காதை வச்சுப் பாத்தா. உள்ள குறுகுறுன்னு, "வந்து சேந்துட்டோம்மா!"ன்னு சத்தம்.

சீதனம் புள்ளைக்குப் போச்சு, கதை உங்களுக்கு வந்துச்சு. கண்ணுக்குத் தெரியலைங்கிறதுக்காக யாரையும் வெரட்டாதீங்க.