குணசீலன் அண்ணன் உட்காராத நாற்காலி

"என் முதுகுதான் நாற்காலியைத் தாங்குது. நாற்காலி என் முதுகைத் தாங்கல."

பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவர் குணசீலன் அண்ணன். மதுரையில், ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் எங்கள் சின்ன ஆபீசில் அவர்தான் சீனியர். தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார், கையில் வாழைக்காய் பஜ்ஜி. எதிரே டீ கிளாசோடு மெஹர். உட்கார்ந்து உட்கார்ந்தே எல்லோருக்கும் தொப்பை விழுந்துவிட்டது என்று அவள் சொன்னதுதான் அவரைக் கிளப்பிவிட்டிருந்தது.

எனக்குத் தொப்பை இல்லை, முதுகுவலி. டாக்டர் நாற்காலியை மாற்றச் சொல்லியிருந்தார். எங்கள் ஆபீசில் முதுகுக்கு அணைவான நாற்காலி ஒன்றே ஒன்று. பழைய மேனேஜர் போனதும், வழக்கப்படி அது சீனியருக்குப் போய்விட்டது. மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக். அண்ணனிடம் கேட்டுவிட வேண்டுமென்று தினமும் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தைரியமும் கழன்றுவிடும்.

அதற்குள் அண்ணன் முதுகுப் பெருமையை முடித்து, கண்ணின் பெருமைக்கு வந்திருந்தார். அவருக்கு இமைக்கிற பழக்கமே கிடையாதாம். அவர் விடாமல் பார்த்தால் திரைக்கே கூச்சம் வந்து அணைந்துவிடுமாம்.

"நம்ம யாரும் மவுசைத் தொடலைன்னா அதுவா அணையும்ணே. எனக்கும்தான் அணையுது" என்றாள் மெஹர்.

"உனக்கு அணையறது வேற, எனக்கு அணையறது வேற."

அடுத்தது விரல். போன கோடையில் கரண்ட் போன நாளில், அவர் டைப் அடித்த வேகத்தில் கிளம்பிய காற்றில் தலைக்குமேல் ஃபேன் சுற்றியதாம். பக்கத்துப் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, என்ன இன்வெர்ட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாராம்.

கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படி ஓடியது என்று மெஹர் கேட்டாள். அண்ணன் பஜ்ஜியை மென்று முடிக்கும்வரை யோசித்தார். கம்ப்யூட்டர் ஓடவில்லை, அடித்த எழுத்தெல்லாம் கீபோர்டுக்குள்ளேயே காத்திருந்து, கரண்ட் வந்ததும் வரிசையாக ஏறிக்கொண்டது என்றார்.

மெஹர் சிரிக்கவில்லை. அது அவரை இன்னும் தூண்டிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. பன்னெண்டு வருஷமா நான் இந்த ஆபீசில உட்கார்ந்ததே இல்ல."

"இப்ப என்ன பண்றீங்க?"

"உட்கார்ந்த மாதிரி நிக்கிறேன். நாற்காலிக்கும் எனக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி இருக்கும். தொடை, முதுகு எல்லாத்துக்கும் நாள் பூரா பயிற்சி. அதான் உடம்பு இப்படி இருக்கு."

மெஹர் அவர் உடம்பைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்ப இந்த நாற்காலி சும்மாதான் இருக்கா அண்ணே?"

"சும்மாதான். நாற்காலி இல்லாம பார்த்தா உங்களுக்கெல்லாம் பயமா இருக்குமேன்னு போட்டு வச்சிருக்கேன்."

"நாங்க பயப்பட மாட்டோம். காட்டுங்க."

அண்ணன் எழுந்தார். குதிகாலால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அது உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றது. முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கீபோர்டில் கைவைத்தார். மெஹர் தன் டீ கிளாசை அவர் தொடையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டீ தளும்பத் தொடங்கியது.

"ஆடுறீங்களே அண்ணே."

"நான் ஆடல. கீழ லாரி போகுது, கட்டடம் ஆடுது" என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் பாட்டிலை மூடி மேசையில் வைத்தேன். சுவரோரம் போய் அந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, என் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.