மற்றவர்களுக்கான தட்டு

திசையன்விளைப் பக்கம் ஒரு சின்ன சபை. அதன் போதகர் சலோமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அவரிடம் வேதம் படித்துவந்த தாசையாவுக்கோ பேரன் பிறந்தாயிற்று. கடைசிக்காலம், அதைச் சொல்லும் பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகம் என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் சீடர் குருவை முந்திக்கொண்டு ஓடுவார்.

தாசையாவின் மனைவி பாக்கியத்தாய்க்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் போய்ப் போய் எழுந்து நடக்க முடியவில்லை, பாவம். காப்பீட்டு அட்டை எடுத்தால் ஆபரேஷன் இலவசம். தாசையா எடுக்க விடவில்லை.

"கைரேகை வைக்கணுமாம்மா. நம்பர் குடுப்பாங்களாம். வெளிப்படுத்தல்ல வருத மிருகத்தோட முத்திரை இதுதானே?"

சலோமி அப்போது புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளுக்கு வசனம் பொறுக்கிக்கொண்டிருந்தார். சபையார் கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுப்பார்கள். கையில் வந்த வசனம் அந்த வருஷம் முழுக்கக் கர்த்தர் தங்களுக்கே சொன்னது என்று வைத்துக்கொள்வார்கள். சாபம் வந்த அட்டையை இதுவரை யாரும் எடுத்ததில்லை. அச்சடித்தால்தானே எடுப்பதற்கு.

வெளிப்படுத்தலிலிருந்து சில வசனங்களைச் சீட்டுகளில் எழுதி, இரண்டு தட்டுகளோடு தாசையாவின் முன் சலோமி வைத்தார்.

"நமக்கு உள்ளதை இதில போடுங்க. மத்தவங்களுக்கு உள்ளதை அதில."

தாசையாவுக்கு அது நிமிஷ வேலை. ஜீவகிரீடம், கண்ணீர் துடைக்கும் கை, பொன் வீதி எல்லாம் நம் தட்டுக்கு வந்தன. வாதை, பஞ்சம், மிருகம், அக்கினிக் கடல் அந்தப் பக்கம் போயின.

சலோமி அந்தப் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, தான் குருடன் என்று அறியாமலிருப்பவனைப் பற்றிய வசனம்.

"இது யாருக்கு?"

"உலகத்தாருக்கு."

"லவோதிக்கேயா சபைக்கு எழுதினது. நம்மளை மாதிரி கூடி ஜெபம் பண்ணினவங்களுக்கு."

தாசையா சீட்டை வாங்கித் திரும்ப வாசித்தார். அந்த வசனத்தை உலகத்தாருக்கு எதிராக ஊர் ஊராகப் பிரசங்கித்தவர் அவர். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"சரிம்மா, இதை மாத்திப் போடுதேன். ஆனா மிருகம்? அது நம்ம தட்டுக்கு வராதுல்லா?"

"அது என்ன செய்யும்னு எழுதியிருக்கு?"

"தன் முத்திரை இல்லாதவனை ஒண்ணும் வாங்க விடாது, விக்க விடாது. எல்லா வாசலையும் அடைச்சிரும்."

"பாக்கியத்தாய் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டாங்களா?"

"கேட்டா. அழுதா."

"வாசலை அடைச்சது யாரு, அண்ணாச்சி?"