ஆளுக்கு ஒரு கூழாங்கல்

பச்சைமலைக் காட்டில் மூங்கில் பூத்த வருஷம் மூங்கிலரிசி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மிருகங்கள் எல்லாம் கோடைக்கு ஆகும் என்று தங்கள் பெரிய பொதுக் குகையில் அதைச் சேர்த்து வைத்தன. யானை வாரி வாரிப் போட்டது. எறும்புகள் ஆளுக்கு ஒரு மணி போட்டன.

குகைக்குப் பல வருஷமாக ஒரு புனுகுப்பூனைதான் காவல். அதன் பெயர் மணவாளன். கிட்டே வந்தாலே வாசனை வீசும். நடை மெத்தென்று இருக்கும். பேச்சு அதைவிட மெத்தென்று இருக்கும்.

"குகை நிறைந்திருக்கிறது! வாசலிலேயே நின்று பாருங்கள்!" என்று மாதம் தவறாமல் எல்லோருக்கும் காட்டியது.

கோடை வந்தது. குகைக்குள் போய் வாரினார்கள். மேலே ஒரு விரற்கடை அரிசி. கீழே முழுக்க உமி!

பாதி அரிசி மணவாளனின் உச்சிப்பாறை வீட்டில் கிடைத்தது. மீதி விருந்தாகக் கரைந்திருந்தது. குற்றம் உறுதியாகிவிட்டது. தண்டனை சொல்வதுதான் பாக்கி.

வற்றிய ஏரியின் கரையில் காடே கூடியது. எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தது கூரன் என்ற கிழட்டு முள்ளம்பன்றி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். திருட்டுக் கொடுத்தவர், இழந்ததற்கு ஏற்ப ஒரு கல்லை எடுத்து வைப்பார். திருடியவர் அதைச் சுமந்துபோய் உடைந்த ஏரிக்கரையில் போட வேண்டும். போன கோடையில் பசி தாங்காமல் பொதுக் குகையில் ஒரு கிழங்கைக் கடித்துவிட்டது கூரன். எல்லோர் சார்பிலும் கல்லைத் தேர்ந்தெடுத்தது காவல்காரன் மணவாளன். கல்லா அது? பாறை! சுமந்ததில் கூரனின் முதுகு முள் பாதி முறிந்துபோனது.

"வலித்தால் ஈர இலை வைத்துக் கட்டிக்கொள், போ!" என்று அன்றைக்கு மணவாளன் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கூரன் ஒரு நாளும் மறக்கவில்லை. இன்றைக்கு இவன் தப்பிவிட்டால், தன் முதுகு முறிந்ததற்கு அர்த்தமே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

நீதி சொல்லும் யானையம்மா வந்து நின்றது. மணவாளனுக்காகக் கிளி வக்கீல் தொண்டையைச் செருமியது.

"அம்மா! என் கட்சிக்காரர் கௌரவமானவர். இது முதல் தவறு. ஊரார் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாரே, அதுவே பெரிய தண்டனை! மேலும், தனித்தனியாகப் பாருங்கள். யாருக்கு என்ன பெரிய நஷ்டம்? ஆளுக்கு ஒரு பிடி. எறும்புக்கு ஒரே ஒரு மணி! ஒரு மணிக்குப் போய் ஒரு பெரிய மனிதரை வதைக்கலாமா?"

"நாங்க வெறும் வேரைச் சப்பிக்கிட்டுக் கிடக்கோம், இவருக்குக் கௌரவமாம்!" என்று கத்தியது கூரன்.

"முள்ளுக் கிழமே, வாயை மூடு!" என்றது கிளி.

யானையம்மா தும்பிக்கையைத் தூக்கியது. எல்லோரும் அடங்கினார்கள்.

"மணவாளா, திருடும்போது உனக்குப் பசித்ததா?"

"என் வீட்டில் பசியா! எப்போதும் நிறைந்து..." மணவாளன் நாக்கைக் கடித்துக்கொண்டது.

"குகை நிறைந்திருக்கிறது என்று வாசலில் நின்று சொன்னது யார்?"

"நான்தான்... காவல்காரன் என்ற முறையில்..."

"பசித்துத் திருடியிருந்தால் கல் குறையும். உனக்குப் பசிக்கவில்லை. காவலிருந்து திருடியதால், கல்லைச் சுமக்க வேறு ஆள் வைக்கவும் உனக்கு வழியில்லை. நீயே தூக்க வேண்டும்." யானையம்மா கிளியைப் பார்த்தது. "மற்றபடி வக்கீல் சொன்னது சரிதான். ஆளுக்கு இழப்பு சிறியது. கல்லும் சிறியதாகவே இருக்கட்டும். இழந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கூழாங்கல் போடுங்கள்!"

கூரன் துள்ளி எழுந்தது. "எனக்குப் பாறை, இவனுக்குக் கூழாங்கல்லா?"

மணவாளன் மீசையைத் தடவிக்கொண்டது. "நியாயம்னா இதுதான் நியாயம்!"

முயல் ஒரு கல் போட்டது. மயில் ஒன்று போட்டது. மான்களும் கீரிகளும் அணில்களும் போட்டன. சின்னக் குவியல்தான். மணவாளன் சிரித்தது.

அப்போது தரை நகர்வது போலத் தெரிந்தது. எறும்புகள்! ஒவ்வொன்றும் தன் அளவுக்கு ஒரு பொடிக் கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. வரிசைக்கு முடிவே இல்லை. குவியல் மணவாளனின் காலை மூடியது. இடுப்பைத் தாண்டியது. தலைக்கு மேல் எழும்பியது. அதற்குப் பிறகும் எறும்புகள் வந்துகொண்டே இருந்தன!

"எறும்பெல்லாம் கணக்கில் உண்டா?" என்று அலறியது மணவாளன்.

"அதன் அரிசியைத் தின்னும்போது கணக்கில் இருந்ததே!" என்றது யானையம்மா. "எத்தனை வயிறு ஏமாந்ததோ அத்தனை கல். பொய் சொன்ன அந்த வாயாலேயே கவ்வித் தூக்கு!"

காடே ஆர்ப்பரித்தது. கிளி எப்போது பறந்துபோனது என்று யாரும் பார்க்கவில்லை.

யானையம்மா கூரன் பக்கம் திரும்பியது. "போன வருஷம் நீ பசியோடு இருந்தாய். அந்தப் பாறை உனக்கு அதிகம். நாங்கள் பேசாமல் நின்றது தப்பு."

கூரன் முள்ளை மடக்கித் தலை வணங்கியது. "இப்பவாவது சொன்னீங்களே, தாயி!"

மீட்ட அரிசியைப் பங்கிட்டார்கள். குகையின் காவல் எறும்புகளுக்குப் போனது. மணவாளன் கோடை முழுக்கக் கல் சுமந்தது. வாயில் கல் இருந்ததால் மெத்தென்று பேசவும் வழியில்லை. கரை உயர்ந்தது. மழை பெய்தது. ஏரி ததும்பியது!

கூரன் தான் சுமந்த பாறையின் மேலேயே உட்கார்ந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. மிச்சக் கல்லைக் கவ்விக்கொண்டு மணவாளன் தள்ளாடி வந்தது.

"என்னப்பா, தாடை வலிக்குதா?" என்றது கூரன். "ஈர இலை வச்சுக் கட்டிக்கோ, போ!"

நீதி: பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடினாலும் அது பெரிய திருட்டுதான், நம்பி ஒப்படைத்த பதவியில் இருந்து திருடியவனுக்கு அந்தப் பதவியைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கூடாது.