உப்புக்காரர் நரியைக் கூப்பிட்ட கதை

அந்த ஊரில் பானை பொங்கினால் மட்டும் பொங்கல் ஆகிவிடாது. மூன்றாம் நாள் காலையில் ஊர் மொத்தமும் நரி முகத்தில் விழித்தாக வேண்டும். அப்படி விழித்தால் அந்த வருஷம் மழைக்கும் கடலைக்கும் குறைவிருக்காது என்று நம்பிக்கை. அதற்காக வருஷா வருஷம் சீட்டு குலுக்கிப் போட்டு ஒரு வீட்டை எடுப்பார்கள். சீட்டு விழுந்த வீட்டு ஆள் காட்டுக்குப் போய், தன் வாயாலேயே நரியைக் கூப்பிட்டு, வலையில் பிடித்து, ஊருக்குக் காட்டிவிட்டு அவிழ்த்துவிட வேண்டும். நரிமேல் ஒரு கீறல் விழக்கூடாது. இரவல் வாயால் கூப்பிடவும் கூடாது.

அந்த வருஷம் சீட்டு அத்தியப்பனுக்கு விழுந்தது.

அத்தியப்பன் உப்பு விற்கிறவர். வயது ஐம்பது. கழுதைமேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு அவர் ஒரு குரல் விட்டால் மூன்று தெருப் பெண்கள் படியோடு வாசலுக்கு வருவார்கள். அந்த ஊரில் குடியேறி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இன்னும் அவருக்கு அசலூரார் என்றுதான் பெயர். அவர் பெயரைச் சீட்டில் எழுதியதே அதுதான் முதல் தடவை. எழுதும்போதே ஊர்ப் பெரியவர் மாரப்பன் சொல்லிவிட்டார்.

"நரி வரலேன்னா, அசலூரார் பேரை இனிமே சீட்டுல எழுத மாட்டோம். முன்னாடியே சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாவாயி கேட்டாள். "உங்களுக்கு நரியைக் கூப்பிடத் தெரியுமா?"

"கூவுறதுதானே? முப்பது வருஷமா அதைத்தான் செய்யறேன்."

"வரலேன்னா நீங்களே ஒரு வாலைக் கட்டிக்கிட்டு வந்து நில்லுங்க. நான் இந்த ஊர்ல தலைநிமிர்ந்து தண்ணிக்குப் போகணும்."

மறுநாள் விடிந்ததும் அவர் நஞ்சக்காளைத் தேடிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனார். நஞ்சக்காளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கடலைக் காட்டுக்குக் காவல் இருப்பவள். அந்தக் காட்டு நரிகள் ஒவ்வொன்றும் அவளுக்குப் பழக்கம். எதற்கு எந்தக் கால் நொண்டும் என்பதுவரை சொல்லுவாள்.

"அம்மணி, பதினைஞ்சு நாள்தான் இருக்குது. நரியை எப்படிக் கூப்பிடுறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"நரியை யாருங்ணா கூப்பிடுவாங்க? முயலா அழுதா போதும். அது தானா வரும்."

அவள் புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். முள்ளில் மாட்டிய முயலின் அழுகை வந்தது. அத்தியப்பனுக்கு முதுகு சிலிர்த்தது. எதிர்மேட்டில் புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் எழுந்து நின்றன.

மூன்றே நாளில் அவர் அதைக் கற்றுக்கொண்டார். வீட்டில் பழகும்போது கழுதை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "இதுக்கு உப்பே தேவலை" என்றாள் பாவாயி.

ஆனால் காட்டில் நரி வரவில்லை. முதல் நாள் இரண்டு நாய்கள் வந்தன. இரண்டாம் நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் தடியைத் தூக்கிக்கொண்டு புதரை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"முயல் எங்கே?"

"நான்தானுங்க" என்றார் அத்தியப்பன்.

வந்தவர் தடியைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல மசாலா அரைக்கச் சொல்லிட்டு வந்தேனே" என்று முனகிக்கொண்டே போனார்.

அத்தியப்பன் நேராக நஞ்சக்காளிடம் வந்தார்.

"என் குரல் முயல் மாதிரி இல்லையா, அம்மணி?"

"முயலேதான்."

"அப்புறம் ஏன் வர மாட்டேங்குது?"

"எங்கே, கூப்பிடுங்க. கேக்கறேன்."

அவர் கூப்பிட்டார். மூச்சு முட்ட, நிறுத்தாமல், நெஞ்சுருகக் கூப்பிட்டார். நஞ்சக்காள் இரண்டு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து, ஒரு குச்சியை எடுத்து, அவருக்கு முன்னால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள். ஒரு முழம் நீளம், அரை முழம் அகலம்.

அத்தியப்பன் கையை உதட்டிலிருந்து எடுத்தார்.

"எதுக்கு இந்தக் குழி?"

"முயலைப் புதைக்கங்க. அது செத்து ரொம்ப நேரமாச்சு. நீங்கதான் இன்னும் அழுதுக்கிட்டு இருக்கீங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தார். ஓடைக்கரையில் மட்டும், பாதிச் சிரிப்பில், ஏனென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

அடுத்த நாள் நஞ்சக்காள் சொன்னாள். "மூணு அழுகை. அவ்வளவுதான். அப்புறம் சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பது அவருக்கு வரவில்லை. மூன்று தரம் அழுவார். பத்து எண்ணுவார். நாக்கு அரிக்கும். மறுபடியும் அழுதுவிடுவார். போதாக்குறைக்கு, பழக்க தோஷத்தில் அந்த அழுகையும் உப்பு விற்கிற ராகத்தில் இறங்கிவிடும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"இப்படிக் கூப்பிட்டா நரி வராதுங்க. படியை எடுத்துக்கிட்டுப் பொம்பளைங்கதான் வருவாங்க."

"நிறுத்தினா எனக்குப் பயமா இருக்குது அம்மணி. கேட்டுச்சோ, கேக்கலையோ. யாருமே இல்லாத தெருவுல நிக்கிற மாதிரி இருக்குது."

அவர் கிளம்பும்போது நஞ்சக்காள் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு ஒரு படி உப்பு வேணுங்க. பரணுக்குக் கீழே வந்து ஒரே ஒரு குரல் குடுங்க. ரெண்டாவது குரல் குடுத்தா உப்பு வேண்டாம்."

மறுநாள் காலை அவர் மூட்டையோடு வந்து அவளுடைய காவல் பரணுக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுத்தார். அவள் இறங்கி வரவில்லை. கழுதை ஒரு தரம் காதை ஆட்டியது. அவர் தொண்டையைச் செருமினார். குரல் வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார். நேரம் போயிற்று. கடலை இலைகளில் பனி உருண்டு இறங்குவதைப் பார்த்தார். ஒரு கீரிப்பிள்ளை வரப்பில் ஏறி, அவரை ஒரு கல்லென்று நினைத்து, காலடியோரமாகக் கடந்து போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் காட்டு வழியாகத்தான் போய் வருகிறார். இங்கே இவ்வளவு சந்தடி இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு சிட்டு வந்து உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தது. அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் கோடு.

"எவ்வளவுங்ணா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

"எது?"

"உப்பு."

எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நஞ்சக்காள் படியை நீட்டினாள். "இனி கூப்பிடலாம்" என்றாள்.

பொங்கலின் மூன்றாம் நாள் காலை விடிந்தது. வரப்புக்குப் பின்னால், காற்று வாக்குப் பார்த்து, ஊர் மொத்தமும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. வெட்டவெளியில் இரண்டு வேலமரத்துக்கு நடுவே நஞ்சக்காள் வலையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். புல்லுக்குள்ளே ஓடி வந்த ஒரு கயிற்று நுனியை அத்தியப்பனின் வலது கையில் கொடுத்தாள்.

"நரி வலைக்கு அடியில வந்ததும் இழுத்தா வலை விழும்" என்று மாரப்பன் தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தியப்பன் புதரோரம் உட்கார்ந்தார். புறங்கையை உதட்டில் வைத்தார். ஒரு அழுகை. இன்னொன்று. மூன்றாவது பாதியில் அறுந்தது, உண்மையிலேயே கழுத்தை யாரோ பிடித்துவிட்டதுபோல. பிறகு கையைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லுங்கப்பா" என்று வரப்புக்குப் பின்னாலிருந்து மாரப்பன் கிசுகிசுத்தது கேட்டது.

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க சாமி. அந்த மனுசன் சும்மா உக்காந்து நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று பாவாயி கிசுகிசுத்ததும் கேட்டது.

அத்தியப்பன் திரும்பவில்லை. புல்லில் காற்று போவதையும், போனது நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஓரிடத்தில் மட்டும், காற்று நின்ற பிறகும் புல் அசைந்தது.

நரி வந்தது.

மண் நிறம். குச்சிக் கால்கள். வால் நுனியில் மட்டும் மையில் தோய்த்ததுபோலக் கறுப்பு. ஒரு காது கிழிந்திருந்தது. நான்கடி வைத்து நின்றது, மூன்றடி வைத்து நின்றது, வலைக்கு நேர் அடியில் வந்து, பந்திக்கு இலை போடக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தது.

அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். அதன் கண்ணில் காலை வெயில் தேன்போல இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அவரும் சாய்த்திருக்க வேண்டும், கழுத்தில் ஒரு நெட்டி முறிந்தது. பிறகு வரப்பின்மேல் வரிசையாக இருந்த தலைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. ஒரு தலைகூட அசையவில்லை. கடைசித் தலையையும் பார்த்து முடித்ததும் நரி ஒரு தும்மல் தும்மியது. எழுந்து, முதுகை நெளித்து, வந்த வழியே போய்ப் புல்லுக்குள் மறைந்தது.

அத்தியப்பனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் கயிற்றைக் கண்டார்.

மாரப்பன் வரப்பைத் தாண்டி வந்தார்.

"கயிறு கையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

"இழுக்கலையே."

"மறந்துட்டேனுங்க."

"அதெப்படி மறக்கும்?"

"பாத்துக்கிட்டு இருந்தேனுங்க."

ஊர் பின்னாலேயே வந்து சுற்றி நின்றது. மாரப்பன் தாடையைத் தடவினார். "பிடிபடாத நரி சேத்தியா? அப்படி ஒரு வழக்கம் இல்லையே."

பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நரி முகத்துல விழிக்கணும்கறதுதானே வழக்கம்? நீங்க விழிச்சீங்களா, இல்லையா?"

மாரப்பன் புல் அசைவு நின்றுபோன இடத்தைப் பார்த்தார்.

"வலைக்குள்ள அது சீறிக்கிட்டுக் கிடக்கும். அறுபது வருஷமா நான் அதோட பல்லைத்தான் பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "முகம் இன்னைக்குத்தான் பாத்தேன். அதுவும் என்னைப் பாத்துச்சே."

பிறகு திரும்பி, வழக்கமான குரலில் அதட்டினார். "என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? போய் அடுப்பைப் பத்தவைங்க. நம்ம உப்புக்காரர் வீட்டுல முதல்ல பத்தவைங்க."

கொட்டு முழங்கியது. பிள்ளைகள் நரிபோலத் தும்மிக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினார்கள். பாவாயி ஒருவருக்கும் தெரியாமல் புருஷனின் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு அவர்களுக்கு முன்னால் போனாள்.

அத்தியப்பன் மட்டும் பின்தங்கினார். நஞ்சக்காள் மரத்திலிருந்து வலையை இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, ஊர் மன்னிச்சிருச்சு. நீ சொல்லு. எல்லாம் கத்துக்கிட்டுக் கடைசியில கோட்டை விட்டுட்டேனே. இழுக்கலையே நான்."

"இப்ப இழுங்க."

இழுத்தார். வலை அசையவில்லை. கயிறு மட்டும் புல்லுக்குள்ளிருந்து சரசரவென்று வந்து அவர் காலடியில் சுருண்டது. மறு நுனியை எடுத்துப் பார்த்தார். அதில் முடிச்சுப் போட்ட தடம்கூட இல்லை.

"வலையில நீ இதைக் கட்டவே இல்லையா?"

"இல்லீங்க."

அவர் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒருவேளை நான் இழுத்திருந்தா?"

நஞ்சக்காள் வலையை இறக்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இழுக்கிற கையா இருந்தா, நரி வந்தே இருக்காதுங்ணா."